ஆர்.ஐ.என். சாரும் ஆர்.என்.ஜி. சாரும்

“அஞ்சு நிமிஷ வேலை” என்று சொல்கிறவர்களின் சங்காத்தமே இனி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இதில் ஒரே சிக்கல், போன சனிக்கிழமை அப்படிச் சொன்னது நானேதான்.

அக்கா பையன் அரைப்பரீட்சை லீவுக்கு வந்திருந்தான். பதினொன்றாம் வகுப்பு. என் கம்ப்யூட்டரில் புது ஆட்டம் எதுவும் ஓடாது. தப்பித் தவறி ஓடினாலும், உள்ளே இருக்கும் ஃபேன் போடுகிற சத்தத்தில் மாவு மிஷின் வாங்கிவிட்டோமா என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். ஆகவே 2000-ல் வந்த ‘டயாப்லோ 2’-வைப் போட்டுக் கொடுத்தேன். அவன் பிறப்பதற்கு வெகு நாள் முன்னால் வந்த ஆட்டம். அரை மணி நேரம் ஆடிவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“மாமா, பார்பேரியனுக்கு மொதல்ல ஒரு கைக்கோடாலி குடுக்கறாங்கல்ல, அது மூணுலேர்ந்து ஆறு வரைக்கும்தான் அடிக்குது. முந்நூறு, அறுநூறுன்னு ஆக்கித் தர முடியுமா?”

தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னேன்: “அஞ்சு நிமிஷ வேலைடா.”

அப்போது சனி இரவு எட்டரை. இதை எழுதுவது புதன்கிழமை. நடுவில் இரண்டு முறை பால் பொங்கி வழிந்திருக்கிறது, ஒரு முறை கேஸ்காரர் காலிங் பெல் அடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். உண்மையிலேயே அது அஞ்சு நிமிஷ வேலைதான். அந்த அஞ்சு நிமிஷ வழி எது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

நம்மைப் பற்றி நமக்குள் ஒளிவு மறைவு எதற்கு? ஆட்டத்தை ஆடுவதற்கா வாங்குகிறோம்? என் சூனியக்காரி முதல் முகாமை விட்டு வெளியே கால் வைத்துப் பல வருடம் ஆகிறது. நெருப்பு மூட்டத்தின் பக்கத்தில் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுடைய இடுப்பு வாரில் எத்தனை மருந்துக் குப்பி செருகலாம் என்பது எந்தக் கோப்பில், எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், தூக்கத்தில் சொல்வேன். அவள் அதில் ஒரு குப்பியாவது குடித்தாளா என்று கேட்காதீர்கள்.

சரி, கோடாலி. இந்த ஆட்டத்தின் சாமான்கள் எல்லாம் எம்.பி.க்யூ. என்கிற பெட்டிகளுக்குள் இருக்கின்றன. பெட்டி ஒன்று என்றால் பிரச்சினை இல்லை. முதலில் வந்த பெட்டி ஒன்று, 2001-ல் விரிவாக்கம் வந்தபோது சேர்ந்த பெட்டி ஒன்று, பிறகு பிழை திருத்தங்களோடு வந்த பெட்டி ஒன்று. ஒரே பெயருள்ள கோப்பு ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டியில் கிடக்கும். திருத்தப் பெட்டியில் இருப்பதுதான் செல்லும், மற்றது ஞாபகார்த்தம். நான் முதலில் எதை எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? இருப்பதிலேயே பழசு. பத்து வருடத்துக்கு முந்தைய வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பூத் சிலிப் கொடுக்கப் போனவன் மாதிரி, இல்லாத ஆட்களை எல்லாம் சனி இரவு முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தேன்.

சரியான கோப்பை எடுத்த பிறகும், வெளியே எடுத்து வைத்த கோப்பை ஆட்டம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஷார்ட்கட்டின் வாலில் ‘டைரக்ட்’, ‘டிஎக்ஸ்டி’ என்று இரண்டு சொல்லை, ஆளுக்கொரு சின்னக் கோட்டோடு ஒட்ட வேண்டும். இது எனக்கு நன்றாகவே தெரியும். ஒட்டினேனா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போனது.

இப்போது ‘வெப்பன்ஸ்’ என்ற கோப்பைத் திறக்கிறோம். பெயரைப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. உள்ளே வரிக்கு ஒரு ஆயுதம், வரி ஒவ்வொன்றிலும் நூற்றைம்பதுக்கு மேல் கட்டங்கள். கோடாலிக்கு நூற்றைம்பது குணமா என்று மலைக்க வேண்டாம். அதில் எண்பத்தைந்து கட்டம், எந்தக் கடைக்காரர் இதை எத்தனை விற்பார் என்கிற கணக்கு. பதினேழு கடைக்காரர், ஆளுக்கு ஐந்து கட்டம். மிச்சத்தில் ‘ஃப்ளிப்பி ஃபைல்’ என்று ஒன்று வரும். ஏதோ குழந்தைகள் சேனல் என்று நினைத்தேன். சாமான் கீழே விழும்போது குட்டிக்கரணம் அடிக்கிறதே, அந்தப் படம். ‘ஹேஸ் இன்வ்’ என்றால் ‘இன்விடேஷன் இருக்கிறதா’ என்று அர்த்தம் இல்லை; ரத்தினக்கல் பதிக்கக் குழி போடலாமா என்பது. வெளியே ‘எலீட்’ என்று கம்பீரமாகச் சொல்லப்படும் உயர்ரகம், உள்ளே ‘அல்ட்ரா’. அதற்குக் கீழ்ரகம் ‘ஊபர்’. அந்த டாக்சி கம்பெனி அப்போது பிறக்கவே இல்லை என்பதால் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அன்யா என்று ஒரு அம்மாள் இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பாகத்தில் கடை வைத்திருக்கிறாள். கோடாலியைத் திருத்தும் கையோடு அவள் கடையிலும் அதை விற்கவிட்டால் என்ன என்று தோன்றியது. (கேட்காத வேலையைச் சேர்த்துச் செய்வதுதான் நம் வியாதி.) பதினேழு பேரில் அன்யாவைத் தேடினேன். இல்லை. ஒரு மணி நேரம் தேடினேன். ‘ட்ரேஹ்யா’ என்று யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அன்யா! வீட்டில் ஒரு பெயர், ரெக்கார்டில் ஒரு பெயர். எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான். ரெக்கார்டில் முருகன் பெயர், தெரு முழுக்கக் கிருஷ்ணன் பெயர். ரெக்கார்டு பெயருக்கு வந்த மணியார்டர் எல்லாம் ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று திரும்பிப் போகும், அவர் திண்ணையில் உட்கார்ந்து போஸ்ட்மேன் வரவே இல்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் பாகம் ஆடியவர்களுக்கு ஹ்ரட்லி என்கிற கொல்லரைத் தெரியும். கோப்பில் அவர் ‘ஹ்ரல்டி’. ரேஷன் கார்டில் பெயரைத் தப்பாக அடிப்பது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இதெல்லாம் போகட்டும். என்னைச் சாய்த்தது சங்கேதப் பெயர்கள்.

ஒவ்வொரு சாமானுக்கும் மூன்றெழுத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கைக்கோடாலி ஹெச்.ஏ.எக்ஸ். சாதாக் கோடாலி ஏ.எக்ஸ்.இ. அகலக் கோடாலி பி.ஏ.எக்ஸ். நெட்டைக் கோடாலி எல்.ஏ.எக்ஸ். யுத்தக் கோடாலி ஒன்று டபிள்யூ.ஏ.எக்ஸ்., இன்னொன்று பி.டி.எக்ஸ். மகா கோடாலி ஜி.ஏ.எக்ஸ்., ராட்சசக் கோடாலி ஜி.ஐ.எக்ஸ். கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஓய்வூதியர் சங்க ஆண்டு விழா அழைப்பிதழ் மாதிரியே இல்லை? தலைமை: ஜி.ஏ.எக்ஸ். அவர்கள். முன்னிலை: ஜி.ஐ.எக்ஸ். அவர்கள். வரவேற்புரை, வழக்கம் போல, ஜூனியர் மோஸ்ட் ஹெச்.ஏ.எக்ஸ்.

ஞாயிறு மதியத்துக்கு மேல் எனக்கு இவர்கள் சாமான்களாகவே தெரியவில்லை. எஸ்.எஸ்.டி. (சின்ன வாள்) கருவூலத்தில் இருந்தவர், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எல்.எஸ்.டி. (நீள வாள்) அவருடைய தம்பி, ஆள் மட்டும் உயரம், பேச்சு கிடையாது. சி.எல்.பி. என்கிற உருட்டுக்கட்டை நிச்சயம் பி.டி. வாத்தியார். டி.ஐ.ஆர். குத்துவாள், தணிக்கைத் துறை, நாக்கும் அப்படித்தான். சி.ஆர்.என். கிரீடம், மூத்த மாப்பிள்ளை, முதல் வரிசை நாற்காலி கிடைக்காவிட்டால் சாப்பிடாமல் போய்விடுவார். ஹெச்.பி.1 முதல் ஹெச்.பி.5 வரை ஐந்து மருந்துக் குப்பிகள்: ஒரே கம்பவுண்டர் வீட்டுப் பிள்ளைகள், பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு வரிசை எண் கொடுத்துவிட்டார்கள். எல்.இ.ஜி. என்பவர் விர்ட் என்ற பையனின் மரக்கால். இவரையும் டி.பி.கே. என்கிற மந்திரப் புத்தகத்தையும் பி.ஓ.எக்ஸ். என்ற மாயப்பெட்டிக்குள் சேர்த்துப் போட்டால், இரண்டு காலில் நின்று ஆயுதம் தூக்கி வரும் மாடுகளின் ரகசிய ஊருக்கு வாசல் திறக்கும். எந்தச் சங்கத்திலும் இப்படி இரண்டு பேர் உண்டு. தனித்தனியே சாது, ஒரே அறையில் விட்டால் கலவரம். கே.இ.ஒய். முழுப் பெயரோடு இருக்கிறார். அவர் வெறும் சாவி. வாட்ச்மேன். நன்றியுரை அவர்தான், அதற்குள் எல்லோரும் டிபனுக்குப் போயிருப்பார்கள்.

இனிஷியல் என்றால் நமக்குப் பயமா என்று கேட்பீர்கள். ரயில்வேக்காரர்களிடம் நாம் படாத பாடா? திருச்சிக்கு டி.பி.ஜே., அரக்கோணத்துக்கு ஏ.ஜே.ஜே. விருதுநகருக்கு வி.பி.டி. என்பார்கள், ஊர் என்றைக்கோ விருதுபட்டியாக இருந்த கணக்கு. மயிலாடுதுறை இன்னும் எம்.வி., அதாவது மாயவரம். டி.என். என்றால் தமிழ்நாடு என்று நினைத்து டிக்கெட் எடுத்தால் தூத்துக்குடியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ஆனால் அங்கே தப்பான ஸ்டேஷனில் இறங்கினாலும் ஒரு டீயாவது கிடைக்கும்.

இந்த விழாவில் இரண்டு பேரை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஆர்.ஐ.என்., ஆர்.என்.ஜி. ஆங்கிலத்தில் ‘ரிங்’ என்பதை மூன்றெழுத்தாகச் சுருக்கு என்றால் இரண்டுமே சரிதான். அதுதான் வம்பு. ஆர்.ஐ.என். மோதிரம். ஆர்.என்.ஜி. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த உடம்புக் கவசம். ஒருவர் விரலுக்கு, ஒருவர் உடம்புக்கு. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் குடியிருக்கும் ஆர்.ஐ.என். சாரையும் ஆர்.என்.ஜி. சாரையும் தபால்காரர் மாற்றி மாற்றி நினைக்கத்தான் செய்வார். நான் நினைக்கமாட்டேன். ஞாயிறு இரவு மட்டும் பதினோரு தரம் மனப்பாடம் செய்தேன்: ஐ இருந்தால் விரல், ஜி இருந்தால் கவசம். அக்கா பையனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். “கோடாலி என்ன மாமா ஆச்சு?” என்றான்.

கோடாலிக்குத்தான் வருகிறேன்.

திங்கட்கிழமை. டேப் இடைவெளியால் பிரித்த இந்தக் கோப்பை வெறும் கண்ணால் படிக்க முடியாது என்று ஒரு அட்டவணை மென்பொருளில் திறந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஹெச்.ஏ.எக்ஸ். வரியில் 3-ஐ 300 ஆக்கினேன், 6-ஐ 600. சேமி என்றேன். ‘இந்த வடிவத்தில் சேமித்தால் சில அம்சங்கள் போய்விடலாம்’ என்றது. இந்தக் கேள்விக்கு இதுவரை யாராவது ‘வேண்டாம்’ சொல்லி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சரி என்றேன். டேப் எல்லாம் கமாவாகிவிட்டது. ஆட்டம் திறக்கவில்லை.

இந்த மென்பொருள்களுக்கு நம்மை விட நம் கோப்பு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு உண்டு. மரபணு ஆராய்ச்சியாளர்களைக் கேளுங்கள். செப்ட் 2, மார்ச் 1 என்றெல்லாம் மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர் வைத்திருந்தார்கள், பாவம். அட்டவணையில் அடித்தவுடன் அது செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாகிவிடும். மரபணுப் பட்டியலை இப்படி அட்டவணையாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. மென்பொருள் மாறும் என்று பார்த்தார்கள், மாறவில்லை. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மனித உடம்பே இறங்கி வந்த இடத்தில் என் கைக்கோடாலி எம்மாத்திரம்?

கமாவை எல்லாம் பொறுக்கி எடுத்து, மறுபடி டேப் வைத்து, திங்கள் இரவு பதினொன்றே முக்காலுக்கு ஆட்டம் திறந்தது. பையன் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்கார்ந்தான். கோடாலியின் மேல் சுட்டியை வைத்தான். 44 முதல் 88 வரை.

“மாமா, முந்நூறுன்னு சொன்னேனே.”

“முந்நூறுதான்டா போட்டிருக்கேன்.”

“நாப்பத்தி நாலுன்னு காட்டுது.”

அந்தக் கட்டத்துக்கு ஒரே ஒரு பைட் இடம். 0 முதல் 255 வரைதான் அதில் கொள்ளும். அதற்கு மேல் போட்டால் வழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும்: முந்நூறில் 256 போக 44, அறுநூறில் இரண்டு 256 போக 88. 1980-ல் வந்த ‘பேக் மேன்’ ஆட்டத்தின் 256-ஆம் நிலையில் பாதித் திரை குப்பை எழுத்தாக மாறுவதும் இதே ஒரு பைட் உபயம்தான். இதை அவனுக்கு நள்ளிரவில் படம் போட்டு விளக்கினேன். ‘புரிகிறது’ என்று தலையாட்டினான். உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான் என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

எனக்குக் கோபம் எங்கே என்றால், இதை எங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை என்பதில்கூட இல்லை. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட குறிப்பு இது. அடுத்த வீட்டுக்காரரின் மளிகைச் சீட்டை எடுத்துப் படித்துவிட்டு ‘து.ப.’ என்றால் துவரம் பருப்பு என்று ஏன் விளக்கவில்லை என்று சண்டைக்குப் போக முடியாது. கோபம், விஷயம் தெரிந்தவர்கள் மேல். அவர்களிடம் கேட்டால் ஒரே பதில்: “சம்பந்தப்பட்ட கோப்பில் சம்பந்தப்பட்ட கட்டத்தை மாற்றுங்கள், அவ்வளவுதான்.” ஐயா, எது சம்பந்தப்பட்டது என்பதுதானே கேள்வி? ‘சம்பந்தப்பட்ட அலுவலரைப் பாருங்கள்’ என்று போர்டு எழுதி மாட்டியவர் ரிட்டயர் ஆகி இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. அவர் வாயிலும் ‘அஞ்சு நிமிஷம்’ என்ற சொல் தவறாமல் வரும். நான் சொன்னதும் அங்கே தொற்றியதுதான்.

‘ரேரிட்டி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, தனித்துவச் சாமான்களின் கோப்பில். அபூர்வம். சாமான் அபூர்வமாக வேண்டும் என்றால் பெரிய எண் போடுவோமா, சின்ன எண்ணா? பெரிய எண்தானே? போடுங்கள். தெருவெல்லாம் அதுதான் இறையும். அங்கே எண் கூடக் கூடச் சரக்கு மலிவு. இதை வடிவமைத்தவர் காய்கறி வாங்கப் போகும்போது என்ன செய்வார் என்று யோசித்துக்கொண்டே செவ்வாய்க்கிழமைக் காபியை ஆறவிட்டேன்.

ஒரு வழியாக 200, 255 என்று போட்டேன். வேலை செய்தது. அதோடு விட்டேனா? கோடாலிக்குப் பையன் பெயரை வைத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவானே என்று முதல் கட்டத்தில் இருந்த பெயரை மாற்றினேன். ஆட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்தப் பெயர், கோப்பைப் படிக்கிறவர் வசதிக்கு எழுதி வைத்தது. திரையில் வரும் பெயர் இன்னொரு கோப்பில், இன்னொரு வடிவத்தில், இன்னொரு பெட்டியில். சொன்னேனே, வீட்டில் ஒரு பெயர், ரெக்கார்டில் ஒரு பெயர்.

“என்னங்க, அவனுக்கு மூணு மணிக்கு ரயில். கொழந்தைகிட்ட உக்காந்து நாலு வார்த்தை பேசினீங்களா?” என்றாள் மனைவி. நாலு நாளாகப் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்!

செருப்பை மாட்டும்போது அவன் கேட்டான்: “மாமா, கடைசியா ஒண்ணே ஒண்ணு. எந்தப் பிசாசை அடிச்சாலும் மோதிரம் விழற மாதிரி பண்ணித் தர முடியுமா? முடியலன்னா பரவால்ல.”

முடியலன்னா பரவால்ல! ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ‘ட்ரெஷர் கிளாஸ்’ என்ற கோப்பைத் திறந்தேன். புதையல் வகுப்பு என்று பெயர், உள்ளே தாலுகா ஆபீஸ். பிசாசு செத்தால் எது விழும் என்று ஒரு மேஜையில் கேட்டால் அடுத்த மேஜைக்கு அனுப்புவார்கள், அங்கே போனால் பாதி ஆயுதப் பிரிவு, பாதி நகைப் பிரிவு, நகைப் பிரிவுக்குப் போனால் அதற்கு உள்ளே இன்னொரு பட்டியல். நடுவில் ‘நோ டிராப்’ என்று ஒருவர். ஒன்றும் விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவர் உத்தியோகம். அவருடைய எண்ணைப் பூஜ்யமாக்கினேன். மேஜைகளை எல்லாம் தாண்டி, முதல் மேஜையிலேயே நேராக மூன்றெழுத்தை அடித்தேன். டேப் சரி. பெட்டி சரி. ஷார்ட்கட் சரி. ஆட்டத்தோடு சேர்த்துப் பென் டிரைவில் போட்டு அவன் சட்டைப் பையில் வைத்தேன். மணி பார்த்தேன். சத்தியமாக அஞ்சு நிமிஷம்.

இன்று காலை போன் வந்தது.

“மாமா, ஊருக்கு வந்து சேந்துட்டேன். ஆடிப் பாத்தேன். மோதிரம் கேட்டேன்ல?”

“ஆமாடா.”

“எல்லாரும் இரும்புச் சட்டையாப் போடறாங்க மாமா. பை ரொம்பி வழியுது. மோதிரம் ஒண்ணுகூட விழல.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜி இருந்தால் கவசம்.

“தெரிஞ்சுதான்டா போட்டேன்,” என்றேன். “மார்கழிப் பனி. போட்டுக்கோ.”